செல்லாமல் போன மூன்று செர்ரி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சபையிலோ தமிழ்ச் சங்கத்திலோ யாராவது உங்களிடம் "எங்கே வேலை?" என்று கேட்டால், "ஒரு ஹோட்டலில்" என்று முனகாதீர்கள். கேசினோவில் என்று சொல்லுங்கள். ஸ்லாட் மெஷின் தளத்தில் என்று சத்தமாகச் சொல்லுங்கள். நான் அட்லாண்டிக் சிட்டியில் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் சபையில் ஒரு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "சிஸ்டர், கேக்கறவங்ககிட்ட ஹோட்டல்னே சொல்லிடுங்களேன். சாட்சிக்கு இடறலா இருக்கும்" என்றார்.

"உங்க வீட்டுக்காரர் சிகரெட் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுதாரே, அது என்ன ஞாயிறு பள்ளியா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு ஆராதனை முடிந்ததும் அவர் எனக்குக் காபி ஊற்றித் தருவதை நிறுத்திவிட்டார். நானே ஊற்றிக் குடித்தேன். எடிசன் என்ற ஊரில் என் கணவரின் கம்பெனி ஆட்களைக் கழித்துக் கட்டியபோது எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கேசினோ. என் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அதுதான். சூதாட்டம் நல்லது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் சாப்பிட்ட சோற்றைத் திட்ட மாட்டேன்.

நம் பிள்ளைகள் சிலர் இப்போது அங்கே சேர்ந்திருப்பதாகச் சொல்லி, தமிழ்ச் சங்கத்தில் என்னை ஏதாவது எழுதச் சொன்னார்கள். மெஷினைப் பற்றி எழுதப் போவதில்லை. எங்கள் காலத்து மெஷினே வேறு. நாணயம் போடுவார்கள், கைப்பிடியை இழுப்பார்கள், உள்ளே செர்ரிப் பழம் மாதிரிப் படங்கள் போட்ட மூன்று உருளைகள் சுற்றி நிற்கும், ஒரே படம் வரிசையாக நின்று ஜெயித்தால் தட்டில் நாணயம் கொட்டும். இப்போது காகிதச் சீட்டு வருகிறதாம். அதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள். மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

இங்கே வருகிறவர்கள் பணத்தைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று சேர்ந்த புதிதில் நினைத்தேன். தப்பு. விட்ட பணத்தைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. விட்ட வேலையைப் பற்றிப் பேசுவார்கள். கூரை போடும் தொழில் பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அடிக்கடி வருவார். இளவயதில் அவருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் பாண்டு வாத்தியார் வேலை தருவதாகச் சொன்னார்களாம். சம்பளம் போதாது என்று விட்டுவிட்டாராம். நாணயக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "அதை எடுத்திருந்தா இந்த ஊர்ல பாதிப் பிள்ளைங்க என்கிட்ட டிராம்போன் வாசிக்கக் கத்துக்கிட்டிருக்கும்" என்பார். சொல்லிவிட்டு இழுப்பார். மறுபடி சொல்வார். மறுபடி இழுப்பார். வாழ்க்கையில் ஒரு தடவை எடுத்த முடிவை மாற்ற வழியில்லை. மெஷினில் ஒவ்வொரு இழுப்பும் புதிது. அதற்குத்தான் வருகிறார்கள். காசு சாக்கு.

என் ஷிப்டின் மேற்பார்வையாளர் என்னைவிட மிகவும் இளையவள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. என் பெயர் பொன்மணி. அவள் வாயில் அது நுழையாமல் "பான்" என்று சுருக்கிக் கூப்பிடுவாள். நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்மணிக்கு இரண்டு செர்ரி வரிசையாக நின்று, மூன்றாவது ஒரு விரற்கடை தள்ளி நின்றது. "அடடா, கொஞ்சத்தில் தப்பிப் போச்சே" என்று ஆறுதல் சொன்னேன். அந்த அம்மா முகம் மலர்ந்து இன்னொரு பிடி நாணயம் எடுத்தார். மேற்பார்வையாளர் என்னை ஓரமாக இழுத்தாள்.

"பான், கொஞ்சத்துல போச்சுன்னு ஒண்ணு கிடையாது. விழுந்தது, இல்ல விழல. அவ்வளவுதான். கொஞ்சத்துல போச்சுங்கறது இந்த மெஷின் விக்கிற சரக்கு. அதை நீ ஓசியில வித்துக் குடுக்காதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்கிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று வீட்டில் சோறு வடிக்கும்போதுதான் அவள் சொன்னது உறைத்தது. ஆறுதல் என்று நினைத்து நாம் சொல்கிற பாதிப் பேச்சு, எதிராளியை அதே நாற்காலியில் உட்காரவைக்கிற பேச்சு. நடந்ததை நடந்தபடி சொல்வதுதான் மரியாதை. நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இனி அந்த டாக்டர்.

செவ்வாய்க்கிழமைகளில் ஜெர்சி சிட்டிப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் ஒரு தமிழ்ப் பெண் வர ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டிய வயது. பருத்திச் சுடிதார், மேலே கணவருடைய பெரிய குளிர்கோட்டு. பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கேசினோ கால் டாலர் நாணயங்களைக் காகிதத்தில் சுருட்டின சுருள் ஒன்றை இலவசமாகக் கொடுக்கும். இவர் அந்தச் சுருளை மட்டும் ஆடுவார். தன் பையிலிருந்து ஒரு நாணயம் எடுக்க மாட்டார். என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்து, "அக்கா, நீங்க தமிழா?" என்று கேட்டார்.

"பெயரைப் பாத்தா போலந்து மாதிரியா இருக்கு?"

சிரித்தார். பிறகு, நான் கேட்காமலே, "இது என் காசு இல்லக்கா. அவங்க குடுக்கறதை அவங்களுக்கே திருப்பிக் குடுக்கறேன். சூதுன்னு ஆகாது, இல்ல?" என்றார்.

"ஆகாது, ஆகாது. எலிப்பொறியில வச்ச தேங்காச்சில்லும் எலியோட காசு இல்லதான்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அடுத்த செவ்வாயும் நான் வேலை பார்க்கிற பக்கத்து மெஷினுக்கே வந்தார். அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுப்பதற்கு முன்னாலும் கண்ணை மூடுகிறார், உதடு அசைகிறது, கடைசியில் ஆமென் சொல்கிறார்.

"ஏம்மா, மெஷினுக்கா ஜெபம் பண்ணுதீங்க?"

"சீட்டு போடறேன்க்கா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களில் சபைக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரி, எங்கள் ஆட்களில் சில வீடுகளில் சீட்டுப் போடுவார்கள். இரண்டு காகிதத்தில் இரண்டு பதிலை எழுதி மடித்து வேதப் புத்தகத்தின் மேல் வைத்து ஜெபித்து, ஒன்றை எடுப்பார்கள். வந்தது கர்த்தரின் சித்தம். இவர் வட ஆற்காட்டுப் பக்கம். வீட்டில் எல்லாம் சீட்டுதான்.

"மெடிசினா, இன்ஜினியரிங்கா? சீட்டு. இவரா, அந்த பேங்க் மாப்பிள்ளையா? சீட்டு. அப்பா ஜெபம் பண்ணுவாரு, கடைசித் தங்கச்சி எடுப்பா."

"சரியாத்தான் வந்துச்சா எல்லாம்?"

"வந்ததைச் சரின்னு எடுத்துக்கிட்டோம்" என்றார்.

ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்த டாக்டர் அவர். கல்யாணம் ஆகி இங்கே வந்தபின் வீட்டோடு இருந்தார். மகளுக்கு எட்டு வயது. இங்கே டாக்டராக வேண்டுமென்றால் மறுபடி பரீட்சைகள் எழுதி, ஏதாவது ஆஸ்பத்திரியில் சில வருடம் பயிற்சி டாக்டராக வேலை பார்க்க வேண்டும். அதற்கு ரெசிடென்சி என்பார்கள். பரீட்சைக்குப் பணம் கட்டலாமா என்று மெஷினிடம் கேட்டிருக்கிறார். கட்டு என்றது. கட்டினார், தேறினார். அன்றிலிருந்து மெஷின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. படித்தது யார்? ராத்திரி முழுக்க விழித்தது யார்? பெயர் மட்டும் மெஷினுக்கு.

"சீட்டை வீட்டிலேயே போடலாமே, இவ்வளவு தூரம் பஸ்ல எதுக்கு?" என்று கேட்டேன்.

"யாரு எடுக்கறது? பொண்ணை எடுடின்னா, 'மாம், தட்ஸ் வியர்ட்'னு போயிடறா. நானே எழுதி நானே எடுத்தா, எந்த மடிப்புல எது இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சிடுதுக்கா. இதுல மடிப்பு இல்ல."

ஒரு குளிர்கால மத்தியானம், செவ்வாய் இல்லாத ஒரு நாளில், அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே என்னைத் தேடி வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

காலையில் டெக்ஸஸில் அவர் விண்ணப்பம் போட்டிருந்த ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்திருக்கிறார்கள். பயிற்சி டாக்டர் ஒருவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார். அந்த இடம் இவருக்கு. இன்றைக்கு அலுவலகம் மூடுவதற்குள் சரி அல்லது இல்லை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். கணவருக்கு இங்கே வேலை. மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். இவர் மட்டும் அங்கே போக வேண்டும், அல்லது எல்லோரும் வேரோடு பிடுங்கிக்கொண்டு போக வேண்டும்.

"வீட்டுக்காரர் என்ன சொல்லுதார்?"

"ஆபீசுக்கு கால் பண்ணினேன். 'உன் இஷ்டம்'னாரு. வேணாம்னு சொன்னாக்கூட சண்டை போட்டிருப்பேன்க்கா. 'உன் இஷ்டம்'. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல."

பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். வீட்டில் போன் இருக்கிறது. அதைச் செய்யாமல் இந்தப் பெண் பஸ் பிடித்துக் கடற்கரை வரை வந்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் 'போங்க' என்று வாய்வரை வந்தது. ஆனால் ஆடு, ஆடாதே, போ, வா என்று ஆட்டக்காரருக்கு நாம் எதுவும் சொல்லக்கூடாது. விதி.

"முதல்ல போய் போன் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கேட்டுட்டுப் பண்றேன். சுருள் முடியறதுக்குள்ள மூணு செர்ரி வந்தா போறேன். வரலன்னா விட்டுடறேன்."

எனக்கு வேறு மெஷின்களில் வேலை இருந்தது, போய்விட்டேன். கண் மட்டும் அந்தப் பக்கமே இருந்தது. சுருள் தேய்ந்துகொண்டே போவது தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில் அவருடைய மெஷினின் உச்சியில் இருக்கும் விளக்கு மினுக்கியது. ஆளைக் கூப்பிடும் விளக்கு.

போனேன். மூன்று செர்ரி வரிசையாக நின்றன. தட்டில் ஒரு நாணயம்கூட விழவில்லை. மூன்றாவது உருளை நிலைகொள்ளாமல் லேசாக உதறிக்கொண்டிருந்தது. கோளாறு என்பதற்கான குறி எரிந்தது. இந்த விஷயத்தில் சட்டம் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும்: மெஷினில் கோளாறு என்றால் அந்த ஆட்டமும் செல்லாது, பரிசும் செல்லாது. அந்த ஆட்டத்துக்குப் போட்ட நாணயங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை மூட வேண்டும்.

"மேடம், இது செல்லாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்தார். அவர் விரலெல்லாம் கறுப்பு. நாணயம் தொட்டுத் தொட்டு எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும்.

"அக்கா, செல்லும்னு சொல்லுங்க. எனக்குக் காசு வேணாம், நீங்களே வச்சுக்கோங்க. வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும்."

இந்த மாதிரிச் சோதனை உங்களுக்கும் வரும், அதனால் நிறுத்திச் சொல்கிறேன். என்னிடம் பணத்தைக் கேட்டிருந்தால் மறுப்பது சுலபம். ஒரு வார்த்தைதான் கேட்டார். கேசினோவுக்கு நஷ்டமில்லை. அவர் போக வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. பிள்ளைபெறும் பெண்களைக் காப்பாற்றின கை இங்கே நாணயக் கறை பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செல்லும்" என்று சொன்னால் ஓடிப்போய் போன் பண்ணிவிடுவார். கதை முடிந்தது.

ஆனால் அங்கே போய் முதல் கஷ்டம் வரும்போது? மகள் போனில் அழும்போது? போகச் சொன்னது மெஷின்தானே, திரும்பி வரலாமா என்று கேட்க இன்னொரு மெஷினைத் தேடுவார். போகச் சொன்னதோ பொய் சொன்ன மெஷின். பொய்யை அதன் வாயில் வைத்தது நான்.

"இது செல்லாது" என்றேன் மறுபடியும், ஆங்கிலத்திலேயே. தகராறு நடக்கும்போது ஆட்டக்காரரிடம் வேறு மொழியில் பேசக்கூடாது. மேலே கேமரா பார்க்கிறது. கூட்டுச் சதி என்று யாராவது எழுதிவிட்டால் வேலை மட்டுமல்ல, மாநிலம் கொடுத்த உரிமமும் போகும். பிறகு இந்த ஊரில் எந்தக் கேசினோவிலும் நுழைய முடியாது.

"அப்போ கர்த்தர் வேணாம்னு சொல்றார்" என்று நாற்காலியில் சரிந்தார்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. டிராம்போன் கிழவர் பக்கத்து மெஷினிலிருந்து எழுந்து வந்து, "செர்ரி கண்ணு முன்னால நிக்குது. அந்தப் பொண்ணுக்குக் குடுத்துத் தொலைங்களேன், திருட்டுப் பயலுகளா!" என்று கத்தினார். நாலு பேர் கை தட்டினார்கள்.

மேற்பார்வையாளர் வந்தாள். மெஷினைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். சட்டப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆட்டக்காரருக்கு ஆட்சேபம் இருந்தால் அரசு ஆய்வாளரை அழைக்கலாம், டெக்னீஷியன் வந்து மெஷினைத் திறப்பார், அந்த ஆட்டத்தில் உண்மையில் என்ன விழுந்தது என்று உள்ளே பதிவாகியிருக்கும், பார்த்துவிடலாம்.

டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "உண்மையான பதில் உள்ள இருக்காக்கா? திறந்தா தெரியுமா?"

"டெக்னீஷியன் மேல் மாடியில வேற ஒரு மெஷின்ல இருக்கான். வர நேரமாகும்" என்றாள் மேற்பார்வையாளர்.

"காத்திருக்கேன்" என்றார் டாக்டர்.

டெக்ஸஸில் அலுவலகம் மூடப்போகிறது. இந்தப் பெண், பூட்டின பெட்டிக்குள் கடவுள் இருக்கிறார் என்று மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். சுற்றி நின்ற எல்லோரும் காசுத் தகராறு என்று நினைக்கிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் என் வேலை பத்திரம். அவருடைய வேலை போய்விடும்.

மேற்பார்வையாளரிடம் திரும்பினேன். "இவங்ககிட்ட எங்க மொழியில பேசணும். மெஷினைப் பத்தி இல்ல. அவசரம்."

அவள் என்னைப் பார்த்தாள். தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேசு. நான் இங்கேயே நிக்கறேன்" என்றாள். கூட்டத்தை நாலடி தள்ளி நிற்கச் சொன்னாள். கிழவரையும்தான்.

குனிந்து டாக்டர் முகத்துக்கு நேரே பேசினேன். "டாக்டரம்மா, ஒண்ணு கேக்கேன். ஈ.சி.ஜி. மெஷின்ல ஒயர் கழண்டிருக்கு. மெஷின் என்னமோ காட்டுது. ஒயர்க்காரன் வர நேரமாகும். பேஷன்ட் முன்னால படுத்திருக்கு. என்ன செய்வீங்க?"

"இது அது இல்லக்கா."

"கேட்டதுக்குப் பதில்."

"மெஷினை யாரு பாப்பாங்க? பேஷன்ட்டைத்தான் பாக்கணும்." எரிச்சலோடு சொன்னார். ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகளைத் திட்டுகிற குரல். அந்தக் குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதே இல்லை.

"பேஷன்ட் யாரு இங்க?"

அவர் மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"பரிட்சை எழுதுனது யாரு? ஒயர்க்காரன் வந்தா என்ன பதில் வந்தாலும் அது இந்தப் பெட்டியோட பதில்தான். போவீங்களோ இருப்பீங்களோ, எனக்குத் தெரியாது. ரெண்டுல எதுன்னாலும் உங்க வாயால சொல்லுங்க. வீட்டுக்காரர் அதைத்தானே சொன்னார். திட்டுன மாதிரி இருந்தாலும் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

அவர் மெஷினைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்தார். "திறக்க வேணாம்" என்று மேற்பார்வையாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார். போனை நோக்கிப் போகவில்லை. பெண்கள் கழிவறைக்குள் போனார்.

போச்சு, அழப் போகிறார் என்று பின்னாலேயே ஓடினேன். அழவில்லை. சுடிதார் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். விரல் விரலாக, நக இடுக்கு வரை, சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டச் சொட்ட. கறுப்புத் தண்ணீர் போனது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர்கள் கழுவுகிற கழுவல்.

"நேரமாகுது, தாயே!" என்று கத்தினேன்.

"இருங்கக்கா, கை சுத்தமாகல" என்றார், திரும்பாமலே.

இந்தியாவுக்குப் பேச வாங்கின காலிங் கார்டு அவர் பையில் இருந்தது. கழிவறைக்கு வெளியே சுவரில் இருந்த போனில் ஈரக் கையோடு அந்த நீளமான எண்களை அழுத்தினார். நான் நாலடி தள்ளி நின்றேன். முதலில் யாரோ காத்திருக்கச் சொன்னார்கள் போல. பிறகு அவர் முதுகு நிமிர்ந்தது. "திஸ் இஸ் டாக்டர் ஹெப்சிபா" என்றார். அவர் பெயர் எனக்கு அப்போதுதான் தெரியும். எதிர்ப்பக்கம் எழுதிக்கொள்ளத் திணறியிருப்பார்கள். "ஹெச் ஃபார் ஹாஸ்பிடல்" என்று ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாக, பதற்றமே இல்லாமல், சொல்லிக்கொடுத்தார். வரவில்லை என்று சொல்கிறவர் எதற்குப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

டெக்னீஷியன் பிறகு வந்து மெஷினைத் திறந்தான். பழுது பார்க்க வேண்டுமே. நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன பதிவாகியிருந்தது என்று உங்களில் சிலர் இப்போது கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்குத் துடிப்பாக இருந்தால், இவ்வளவு நேரம் நான் எழுதினது வீண்.

மேற்பார்வையாளர் என்னிடம், "அவகிட்ட என்ன சொன்னே?" என்று கேட்டாள். சொன்னேன். "மேல இருந்து கேட்டா நான் அனுமதிச்சேன்னு சொல்லு" என்றாள். மேலே இருந்து கேட்டார்கள். என்னைக் கேட்பதற்கு முன் அவளைக் கேட்டார்கள். "பான் என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்றேன்" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாதவள். அவளுக்கும் வீடு இருந்தது, உரிமம் இருந்தது, இழக்க நிறைய இருந்தது. நாளைக்கு உங்கள் கீழே வேலை பார்க்கிறவர் ஒருவர் "என்னை நம்பு, நேரமில்லை" என்று கண்ணால் கேட்பார். அப்போது அவளை நினைத்துக்கொள்ளுங்கள். விதி தெரிந்தவர்கள் தளம் முழுக்க இருந்தார்கள். ஆள் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் அந்த வேலையில் ஓய்வு பெறும் வரை இருந்ததற்கு அவள்தான் காரணம்.

டாக்டர் வெளியே போகும்போது என்னிடம் வந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சட்டப்படி திருப்பித் தர வேண்டிய நாணயங்களை நீட்டினேன்.

"அதைத் தொட மாட்டேன். கை கழுவிட்டேன். காணிக்கையில போட்டுடுங்க."

"சூதாட்டக் காசையா?"

"சூதுதான் செல்லாதுன்னு சொல்லிட்டீங்களே" என்றார். பிறகு, "பஸ் எத்தனை மணிக்கு? பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து பக்கத்து வீட்ல உக்காந்திருப்பா. அவகிட்ட சொல்லணும். அவர்கிட்டயும்" என்றார். முகத்தில் பயம் அப்படியே இருந்தது. ஆனால் பஸ் நிற்கும் பக்கம் வேகமாக நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் அந்த நாணயங்களைப் போட்டேன். மற்ற நாணயங்கள் மாதிரியேதான் சத்தம் போட்டன.

அதன் பிறகு டெக்ஸஸிலிருந்து கடிதமும் வரவில்லை, போனும் வரவில்லை. அங்கே போய் என்ன கஷ்டப்பட்டார், குடும்பம் பின்னால் போனதா, தெரியாது. நம் தொழிலில் தெரியவே தெரியாது, பழகிக்கொள்ளுங்கள். மற்ற தொழில்களில் வாடிக்கையாளர் திரும்பி வந்தால் சந்தோஷம். நமக்கு நேர்மாறு. செவ்வாய்க்கிழமை ஜெர்சி சிட்டி பஸ் வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பேன். கடைசி ஆள் இறங்கி, கதவு மூடும். அவர் இல்லை. ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த விளக்கு எங்கே மினுக்குகிறது என்று பார்க்கப் போவேன்.